ஒரே டிரம், மூன்று லேபிள்

போன வாரம் காங்கேயம் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். பையிலிருந்து மூன்று ஷாம்பு பாட்டில்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். பச்சை, எண்ணெய்ப் பிசுக்குத் தலைக்கு. மஞ்சள், வறண்ட முடிக்கு. ரோஸ், பொடுகுக்கு. பச்சை பாட்டிலின் அடி புடைத்துப் போய் நேராக நிற்கவே மாட்டேன் என்றது. மூடியைத் திருகினால் சோடா உடைத்த மாதிரி 'புஸ்' என்று காற்று வந்தது. உள்ளே புளித்த மாவு வாசம்.

"மூணும் ஒரே பேஸ்தானுங்கக்கா. கலரும் சென்ட்டும் மட்டும் மாத்துவனுங்க" என்றார், ஒளிவுமறைவே இல்லாமல்.

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். ஷாம்புக்கு ஃபார்முலா எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டில் செய்து வாட்ஸ்அப்பில் விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் பாதிப் பேர் என்னிடம்தான் வருகிறார்கள். கோபமெல்லாம் 'அரை மணி நேரத்தில் ஷாம்பு தொழில்' என்று வீடியோ போடுகிறவர்கள்மேல்.

அந்தப் பெண்ணின் குறை பாட்டில் புடைத்தது அல்ல, ஷாம்பு கெட்டியாகவில்லை என்பது. "தண்ணியா இருந்தா வாங்கறவங்க கலப்படம்ங்கறாங்கக்கா. கெட்டியா வரோணும்ங்க." கெட்டியாகட்டும் என்று கல்லுப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். கொஞ்சம் கெட்டியானது. இன்னும் ஊற்றினார், நீர்த்துவிட்டது. பயந்துபோய் மறுபடியும் ஊற்றினார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இந்தக் 'கெட்டியா இருந்தா நல்ல ஷாம்பு' என்ற நம்பிக்கையை உடைக்காமல் மேலே போக முடியாது. எஸ்.எல்.ஈ.எஸ். எனப்படும் நுரைப்பொருள் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கும். அளவாக உப்பு சேர்ந்தால் அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள நீளமான இழைகளாகிவிடும். பிழிந்த சந்தகை தட்டில் சிக்கிக் கிடப்பதுபோல அந்த இழைகள் பின்னிக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற கெட்டி அவ்வளவுதான். ஓர் உச்சம் வரை கெட்டியாகும், அதைத் தாண்டி உப்பைப் போட்டால் மறுபடி நீர்த்துவிடும். அதற்கப்புறம் எத்தனை கைப்பிடி போட்டாலும் திரும்பாது.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே பாருங்கள். இன்னும் உப்பு போடாத ஷாம்பில் நூறு நூறு கிராமாக நாலு டம்ளரில் எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து கிராம் உப்பு போட்டுக் கலக்கி, நுரை அடங்க வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ஏதோ ஓர் அளவில் தேன் மாதிரி வழியும், அதைத் தாண்டினால் மறுபடி நீர்த்துவிடும். நாலு டம்ளரிலும் அழுக்கு எடுக்கிற சரக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆக, கெட்டியைப் பார்த்து வாங்குகிறவர் உப்பைப் பார்த்து வாங்குகிறார். கெட்டியைக் காட்டி விற்கிறவரும் அதைத்தான் விற்கிறார்.

கணக்கு பார்க்க வேண்டியது நுரைப்பொருளின் சதவீதத்தை. இதிலும் ஒரு குழி இருக்கிறது. எஸ்.எல்.ஈ.எஸ். கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. வெண்ணெய் மாதிரி இருக்கும் 70 சதவீதப் பேஸ்ட் ஒன்று, தண்ணீராக ஓடும் 28 சதவீதம் இன்னொன்று. வீடியோவில் '20 பங்கு' என்பார்கள், எது என்று சொல்ல மாட்டார்கள். பேஸ்ட்டில் 20 பங்கு என்றால் உள்ளே இருப்பது 14. மற்றதில் 5.6. ஒன்று சில தலைகளுக்குக் காட்டமாகிவிடும், இன்னொன்று எண்ணெய் தேய்த்த தலைக்குப் போதாது. பேரல் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் தராசை எடுக்காதீர்கள்.

சரி, முடிக்கு முடி என்ன மாற்றுவது?

'எண்ணெய்த் தலை' என்று நம் ஊரில் இரண்டைச் சொல்கிறோம். தோலே எண்ணெய் சுரக்கிற தலை ஒன்று. காங்கேயம் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை அம்மா தினமும் கை நிறையத் தேய்த்துவிட்ட தலை இன்னொன்று. இரண்டாவதுக்கு நுரைப்பொருள் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஒரே குளியலில் இரண்டு தடவை போட்டு அலசலாம். முதலாவதுக்குக் காட்டமானது வேண்டாம். மென்மையானதை அடிக்கடி போடச் சொல்லுங்கள்.

வறண்ட முடி, சுருட்டை முடி, சாயம் போட்ட முடி, பார்லரில் நீட்டிவிட்ட முடி இவற்றுக்கெல்லாம் எஸ்.எல்.ஈ.எஸ்.ஸைக் குறைத்து, தேங்காய்க் கொழுப்பிலிருந்து வரும் பீட்டேன் என்ற மென்மையான நுரைப்பொருளைக் கூட்ட வேண்டும். அப்புறம் கொத்தவரை விதைப் பசைக்கு நேர்மின்னேற்றம் கொடுத்துச் செய்த கேட்டயானிக் குவார். நூற்றுக்குக் கால் கிராம் போதும். அலசும்போது அது முடிமேல் படிந்து சீப்பு சுலபமாக ஓட வைக்கும். கெட்டுப்போன முடியில் எதிர்மின்னேற்றம் கூடுதல், அதனால் அங்கேதான் அதிகம் ஒட்டும். இதையே மெல்லிய முடிக்காரருக்குக் கொடுத்துப் பாருங்கள், முடி தலையோடு ஒட்டிக்கொண்டு மழையில் நனைந்த கோழி மாதிரி வருவார். லேபிள் மாற வேண்டியது இதற்காக. கலருக்காக இல்லை.

பொடுகு ஷாம்பு வீட்டில் செய்யாதீர்கள், அவ்வளவுதான். ஜிங்க் பைரித்தியோன் என்ற பொடுகு மருந்து கரையாத தூள், அதை மிதக்கவைத்துப் பிடிக்கிற பொருள் இல்லையென்றால் அடியில் தங்கிவிடும். முதல் நாள் வெறும் தண்ணீர், கடைசி நாள் வெறும் மருந்து. ஒரு புண்ணியவான் அதோடு உலோகங்களைப் பிடித்துக்கொள்கிற ஈ.டி.டி.ஏ.வையும் தாராளமாகப் போட்டிருந்தார். அது ஜிங்க்கையே பிடுங்கிக்கொள்ளும். அந்த பாட்டிலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட.

இங்கே முடி கெடுகிறது என்கிற முக்கால்வாசிப் புகார் தண்ணீரில் ஆரம்பிக்கிறது. சிறுவாணித் தண்ணீரில் குளிக்கிற தலையும், திருப்பூர், பல்லடம் பக்கம் போர் உப்புத் தண்ணீரில் குளிக்கிற தலையும் ஒன்றில்லை. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுக்கலாம். குளிக்கிற தண்ணீரை யாரும் அளப்பதே இல்லை. சோப்பு போட்டுத் தலை குளித்தால் அந்தக் கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசினாக முடியில் உட்காரும். ஷாம்பு அந்த அளவுக்குத் தோற்காது, என்றாலும் நுரை குறையும், முடி சொரசொரக்கும். நூற்றுக்கு 0.1 முதல் 0.2 ஈ.டி.டி.ஏ. போட்டால் அந்தக் கால்சியத்தில் கொஞ்சத்தை அது பிடித்துக்கொள்ளும். பொடுகுச் சரக்கு தவிர மற்றதில் என்று மறுபடி சொல்லிவிடுகிறேன்.

இனி அரப்பு. அந்தப் பெண் பேஸில் அரப்புத் தழைக் கஷாயம் கலந்திருந்தார். "கெமிக்கல் எதுவும் போடலீங்க, பிரிசர்வேட்டிவ்கூட இல்லைங்க" என்றார், பெருமையாக. எங்கள் அப்பத்தாவும் அரப்புதான் தேய்த்துவிட்டார். உசிலைத் தழையைக் காயவைத்து இடித்து, டப்பாவில் பொடியாக வைத்திருப்பார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்றைக்கு வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவார். அரப்பைப் பாட்டிலில் ஊற்றி மூன்று மாதம் குளியலறையில் வைத்ததே இல்லை. பொடியில் ஈரம் இல்லை, கிருமி வளர இடமில்லை. கஷாயம் என்றால் கிருமிக்குப் பந்தி போட்ட மாதிரி. பாட்டிலைப் புடைக்க வைத்தது அதுதான். அந்தத் தண்ணீர் ஒரு குழந்தையின் கண்ணில் பட்டிருந்தால்? கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கேட்டிருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றியது.

பிரிசர்வேட்டிவாகச் சோடியம் பென்சோயேட் போட்டேன் என்கிறவர்களுக்கு: புளிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவை 5-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 7-இல் அது சும்மா கிடக்கும். பி.எச்.ஸை இறக்க சிட்ரிக் அமிலம் இருக்கிறது, எலுமிச்சம்பழத்தைப் பிழியாதீர்கள். ஆப்பச் சோடா பக்கமே போகாதீர்கள். கலர் போட்ட பிறகு பி.எச். தாளை முக்கிவிட்டு, தாள் பச்சையாகிறது என்று போன் செய்யாதீர்கள். ஷாம்பே பச்சை. மீட்டர் வாங்குங்கள். தொழிலுக்கு போர்த் தண்ணீர் கூடாது, உப்பு நீக்கிய டி.எம். வாட்டர் கேன் வாங்குங்கள். பங்குனி, சித்திரையில் பார்சல் வண்டிக்குள் உங்கள் பாட்டில் படுகிற பாட்டை நினைத்து, அனுப்புவதற்கு முன் நாலைந்து பாட்டில்களையாவது சில வாரம் சூட்டில் வைத்துப் பாருங்கள். விற்க ஆரம்பிக்கும் முன்பே 2020-இன் காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். 'சின்ன அளவுதானே' என்பதற்கு அதில் இடமில்லை.

அந்தப் பெண் மூன்று லேபிளையும் விட்டுவிட்டார். இப்போதைக்கு ஒன்றே ஒன்று, காயவைத்த அரப்புப் பொடி, ஈரம் புகாத பாக்கெட்டில், அதுவும் உரிமம் வாங்கிய பிறகு. திரவத்துக்கும் உரிமம் வாங்கிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார். வாருங்கள் அம்மிணி. வரும்போது ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள். குடிக்கிற நல்ல தண்ணீர் வேண்டாம், உங்கள் ஊரில் குளிக்கிற தண்ணீர்.