பழைய நிரலுக்குப் புதிய பதிப்பு எண் புரியுமா?

ஒரு மார்க்அப் தரத்தை, அதாவது ஆவணத்தின் பகுதிகளை டேக் எனும் குறிச்சொற்களால் குறிக்கும் விதிமுறையை, உருவாக்கும்போது, முதல் டேகிலேயே ‘வெர்ஷன்’ (பதிப்பு எண்) என்று ஒரு பண்பை வைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. இன்று 1.0 என்று எழுதுவோம், நாளை தரம் வளர்ந்தால் 1.1 என்று மாற்றிக்கொள்வோம். சரி, 1.0 மட்டுமே தெரிந்த பழைய நிரலிடம் 1.1 ஆவணம் போய்ச் சேர்ந்தால் அது என்ன செய்ய வேண்டும்? இதற்கு முதல் நாளே விதி எழுதாவிட்டால், அந்த எண் உதவுவதைவிடத் தடுப்பதுதான் அதிகம்.

தரவை டேக்குகளிட்டு எழுதும் தரமான எக்ஸ்எம்எல்லுக்கு அதுதான் நேர்ந்தது. 1998-ல் வந்த எக்ஸ்எம்எல் 1.0, டேக்குகளின் பெயரில் எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்பதை உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோட் 2.0-ஐ வைத்து வரையறுத்தது. பிறகு யூனிகோடில் சேர்ந்த கெமர், எத்தியோப்பிய எழுத்துகளுக்கு அந்தப் பெயர்களில் இடமில்லை. இதைச் சரிசெய்ய 2004-ல் 1.1 வந்தது. ஆனால் 1.0 பார்சர்கள் (ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் நிரல்கள்), அறியாத எண்ணைக் கண்டதும் ஆவணத்தையே நிராகரிக்கலாம் என்றிருந்தது. உள்ளே புதிதாக ஒன்றுமே இல்லாத ஆவணமும் அந்த ஒரு எண்ணுக்காகத் திரும்பி வரும். அப்புறம் யார் 1.1 என்று எழுதுவார்கள்? கடைசியில் 2008-ல், 1.0-இன் ஐந்தாம் பதிப்பு எண்ணை மாற்றாமலே பெயர் விதியைத் தளர்த்தியது. 1.1, 1.2 என்று எது வந்தாலும் 1.0 ஆகவே படிக்கலாம் என்ற விதியும் அப்போதுதான் சேர்ந்தது. பத்து ஆண்டுகள் தாமதம்.

இதே விஷயத்தை, எக்ஸ்எம்எல் ஆவணங்களை வேறு வடிவுக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1999-லேயே அழகாகக் கையாண்டது. அதில் வெர்ஷன் பண்பு கட்டாயம். மதிப்பு 1.0 இல்லையென்றால் நிரல் உடனே பிழை சொல்லாது. ‘வருங்கால ஆவணம்’ என்று எடுத்துக்கொண்டு தளர்வான முறைக்கு மாறும். தெரியாத கட்டளை கண்ணில் பட்டாலும் பரவாயில்லை, உண்மையில் அதை இயக்கும் கட்டம் வந்தால்தான் சிக்கல். அப்போதும் அந்தக் கட்டளைக்குள் ‘ஃபால்பேக்’ என்ற டேக் இருந்தால், அதிலுள்ள மாற்று வழியை இயக்கும். ஆவணத்தை எழுதியவரே பழைய நிரலுக்கும் வழி சொல்லிவிடுகிறார். எனக்குத் தெரிந்து, பதிப்பு எண்ணுக்கு இதைவிடப் பொறுப்பான பயன்பாடு குறைவு.

எண்ணே வேண்டாம் என்பதும் ஒரு வழி. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் 5-இல், ஆவண வகையைச் சொல்லும் ‘டாக்டைப்’ வரியில் எண் கிடையாது. படங்களை டேக்குகளால் எழுதும் எஸ்விஜி 2 பழைய வெர்ஷன் பண்பை நீக்கிவிட்டது. தெரியாத டேகைக் கண்டால் உலாவி பிழை சொல்லாமல் மேலே போய்விடும் என்பதால் அங்கே இது நடக்கிறது. செய்தி பரிமாறும் நிரல்களுக்கு இந்தத் தாராளம் ஆகாது. ‘இந்தக் கட்டணத்தை ரத்துசெய்’ என்ற பகுதி புரியாமல் விட்டுப்போனால் நஷ்டம்தான். அதனால் நிரல்கள் எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் சோப் நெறிமுறை, ‘மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட்’ (கட்டாயம் புரிய வேண்டும்) என்ற பண்பைத் தலைப்புப் பகுதி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வைக்க இடம் தந்தது. அது இருந்து, பெறும் நிரலுக்குப் பொருள் புரியாவிட்டால் செய்தியைப் பிழையென்று திருப்பியே ஆக வேண்டும். மொத்த ஆவணத்துக்கும் ஒரே எண் சொல்ல முடியாததை இது சொல்கிறது.

எண் வைப்பதென்றே முடிவானால், அதன் வகையையும் சொல்லிவிட வேண்டும். தசம எண்ணாகப் படித்தால் 1.10 என்பது 1.9-ஐவிடச் சிறியது, புள்ளிக்கு இருபுறமும் தனித்தனி முழு எண்களாகப் படித்தால் பெரியது. பண்பே இல்லாத ஆவணத்தை எந்தப் பதிப்பாகக் கொள்வது என்பதும் தரத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நிரலும் தனக்குத் தோன்றிய பதிலை வைத்துக்கொள்ளும்.