இரண்டாவது நிமிடத்தில் ஏன் மூச்சு வாங்குகிறது?

குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்த கால்களுக்குச் செட்டிநாட்டில் பஞ்சமில்லை. நாள் கணக்கில் நடந்தவர்கள்தான். அவர்களிலேயே ஒருவர் காரைக்குடியில் விடியற்காலை முதன்முதலாக ஓடிப் பார்த்தால், இரண்டாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறார். "நுரையீரலில் தெம்பில்லை" என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறார்.

நுரையீரல் மேல் பழி போடுவது அநியாயம். உடல்நலமுள்ள ஒருவர் அப்படி இரைத்து நிற்கும்போது விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். சிக்கல் தசையில்.

தசை சுருங்க, அதற்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். அதன் கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் வரும். ஏடிபியை உடனே மீட்டுத் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு இன்னொரு பத்து நொடி போலத் தாங்கும். அதன்பின் செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி தயாரித்தாக வேண்டும். ஆனால் இதயத் துடிப்பு ஏறி, கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து, அந்தத் தயாரிப்பு முழு வேகத்துக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பழகாத உடலுக்கு இன்னும் கூடும். விறகு பற்றும்வரை அடுப்பில் சிராயை எரிக்கிற மாதிரி, இடைப்பட்ட நேரத்தில் தசை ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துச் சமாளிக்கிறது. அப்போது லாக்டேட் என்ற துணைப்பொருளோடு, அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளும் சேர்கின்றன. ரத்தத்திலுள்ள பைகார்பனேட் இந்த அமிலத்தை மடக்கிப் பிடிக்கும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. மூளைத்தண்டிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள உணரிகள் அதைக் கண்டுகொண்டு மூச்சை விரட்டுகின்றன. அதாவது நாம் இரைப்பதில் பெரும்பங்கு, உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றத்தான்.

(மறுநாள் வரும் கால்வலிக்கு லாக்டேட்டைத் திட்டுவதும் வீண். அது ஒருமணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. வலி, தசை நார்களில் விழும் நுண்ணிய சேதத்தால் வருவது.)

பழனி நடையில் ஏன் இது நேரவில்லை? நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பே தரையை விட்டு எழும்புகிறது. மெதுவான ஓட்டத்துக்குக்கூட வேக நடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் செலவாகும். அதனால் புதியவர் ஓட வேண்டிய வேகம், அவருக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு மெதுவானது. கூட ஓடுபவரிடம் ஊர்க்கதையை முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் நடந்துவிட்டு மறுபடி ஓடலாம். விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைவிட இந்தச் சோதனையை நான் நம்புவேன்.

சித்திரை வெயிலில் கணக்கே வேறு. தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் போயாக வேண்டும் என்பதால், அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கும். விடியலில் வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். ஆவியாகாமல் சொட்டுகிற வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

விடாமல் ஓடினால் முதலில் மாறுவது ரத்தம். ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. மைட்டோகாண்ட்ரியா பெருகச் சில வாரங்கள் வேண்டும். 1967இல் ஆய்வாளர் ஜான் ஹாலோசி எலிகளை ஓடவிட்டு, தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காட்டினார்.

எலும்புக்கு அந்த அவசரம் இல்லை. ஓடுகையில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதற்கு ஈடுகொடுக்க, எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்தெடுத்து, பிறகு புதிதாகக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம். நடுவில் அந்த இடம் முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூச்சு சீராகி, இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று ஆசை வருகிற அதே காலம்தான் இது. கெண்டைக்காலுக்கு முன்புறமுள்ள எலும்பில் ஒரே புள்ளியை அழுத்தினால் வலித்து, ஓய்விலும் அது தொடர்ந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.