உலோகத்துக்குள் ஒரு துளை: அதை மூட எவ்வளவு செலவழிக்கலாம்?

மெழுகை உருக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டுப் பாருங்கள். ஓரம் முதலில் இறுகும், கடைசியில் நடுவே குழி விழும். இறுகும்போது மெழுகு சுருங்குவதால், கடைசியாக இறுகும் இடத்தை நிரப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. உருகிய உலோகத்தை அச்சில் வார்க்கும்போதும் இதேதான் நடக்கிறது. ஆனால் உலோகத்தில் அந்தக் குழி வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே தங்கிவிடலாம். வார்ப்படக்காரர்கள் இதை ஷ்ரிங்கேஜ் என்பார்கள். வாயு சிக்கி உண்டான ஓட்டை என்றால் ப்ளோ ஹோல். உலோகத் தூளை லேசரால் உருக்கி 3டி பிரிண்டரில் செய்த பாகங்களிலும், சரியாக உருகாமல் விட்டுப்போன இடங்களில் நுண்துளைகள் இருக்கும்.

பாகம் ஒரே சுமையைத் தாங்கி அசையாமல் நின்றால் இந்தத் துளை பெரும்பாலும் தொந்தரவு தராது. சுமை லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும்போதுதான் சிக்கல். துளையின் கூரான ஓரத்தில் இழுவிசை குவிந்து, அங்கே மயிரிழை போல ஒரு விரிசல் பிறக்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். உலோகச் சோர்வு என்பது இதுதான்.

இந்தத் துளைகளை மூடும் முறைக்கு ஹாட் ஐசோஸ்டேட்டிக் பிரஸ்ஸிங் என்று பெயர், சுருக்கமாக ஹிப். 1955-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள பட்டெல் ஆய்வு நிறுவனத்தில், அணு உலை எரிபொருளின் மேல் ஜிர்கோனியக் கலப்பு உலோக உறையை இறுக்கமாக ஒட்டவைக்க வழி தேடியபோது பிறந்த முறை இது. பாகத்தைத் தடித்த எஃகு கலனுக்குள் வைத்து மூடி, ஆர்கான் வாயுவை நிரப்பிச் சூடேற்றுவார்கள். அழுத்தம் பொதுவாக 100 மெகாபாஸ்கல். உங்கள் விரல் நகத்தளவு இடத்தில் ஒரு டன் எடையை ஏற்றி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடலின் மிக ஆழமான இடத்தில் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான்.

அழுத்தம் மட்டும் போதாது. விமானங்களிலும் செயற்கை எலும்பு மூட்டுகளிலும் பயன்படும் டைட்டானியம் 6-4 கலப்பு உலோகம் (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்ந்தது), அறை வெப்பத்தில் இதைப் போல எட்டு ஒன்பது மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் 920 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது உருகாமலேயே நன்றாக இளகிவிடும். அப்போது துளையைச் சுற்றியுள்ள உலோகம் மெல்ல உள்நோக்கி நகர்ந்து, எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று தொடும். அப்புறம் அணுக்கள் எல்லை தாண்டி இரு பக்கமும் கலந்துவிடும். அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாலும் துளை இருந்த தடம் தெரியாத அளவுக்கு ஒட்டிப்போகும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வாயு எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் பாகத்தின் உருவமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஆனால் எல்லாத் துளையும் மூடாது. மேற்பரப்பு வரை திறந்திருக்கும் துளைக்குள் ஆர்கானும் நுழைந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்றால் சுவர்கள் ஏன் நகர வேண்டும்? கோயம்புத்தூரில் வார்க்கும் பம்ப் உறையில் தண்ணீர் கசிந்தால், அந்தத் துளை உள்ளிருந்து வெளியே வரை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஹிப் வைத்தியம் அல்ல. அதேபோல, துளைக்குள் ஏற்கெனவே ஆர்கான் சிக்கியிருந்தால், அது உலோகத்தில் கரையாது. துளை நசுங்கிச் சிறுத்தாலும், பின்னர் அதிக வெப்பத்தில் பதப்படுத்தும்போது மறுபடி உப்பலாம்.

இதையெல்லாம்விடக் கவலைக்குரியது வேற்றுப் பொருள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விபத்துக்குள்ளாகி 112 பேர் இறந்தார்கள். என்ஜினின் டைட்டானிய விசிறி வட்டில், நைட்ரஜன் அதிகம் கலந்து கெட்டியும் நொறுங்கும் தன்மையும் கொண்ட ஒரு சிறு திட்டு, பொருளை உருக்கியபோதே உண்டாகியிருந்தது. சோர்வு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியது. அது வார்ப்புப் பாகம் அல்ல, அடித்து உருவாக்கியது. ஆனாலும் இங்கே கவனிக்க வேண்டியது உண்டு: ஹிப் வெற்றிடத்தை மூடும், அழுக்கை எடுக்காது.

சரி, செலவுக்கு வருவோம். அழுத்தத்தோடு வெப்பத்தில் வைத்திருப்பது இரண்டு முதல் நான்கு மணி நேரம்தான். 3டி பிரிண்டரில் செய்த டைட்டானியம் 6-4 பாகங்களுக்கு, பொருள்களுக்குத் தரம் வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் தர விதி, 895 முதல் 955 டிகிரியில் மூன்று மணி நேரம், ஒரு மணி கூடவோ குறையவோ, என்கிறது. ஆனால் ஏற்றி, காற்றை வெளியேற்றி, சூடாக்கி, ஆறவைத்து இறக்குவதற்குள் ஒரு பகலோ ஒரு இரவோ போய்விடும். பணத்தைத் தீர்மானிப்பது கலனுக்குள் பாகம் அடைக்கும் இடம், லாரி வாடகை மாதிரி. சிறு டர்பைன் பிளேடுகள் என்றால் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம், தலைக்குக் கொஞ்சம்தான் விழும். பெரிய உள்ளீடற்ற உறை ஒன்றே மொத்தக் கலனையும் அடைத்துக்கொண்டால் முழு வாடகையும் அதன் தலையில்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகளும் உண்டு. வாயுவில் மிச்சமிருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் டைட்டானியத்தின் தோலை நொறுங்கும்படி ஆக்கலாம், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நீண்ட நேர வெப்பத்தில் உலோகத்தின் படிக மணிகள் பெரிதாகும். லேசரில் செய்த டைட்டானியத்தில் நெகிழ்வு கூடும், பலம் ஓரளவு குறையும். அடுத்து இன்னொரு வெப்பப் பதம், அதாவது உலோகத்தின் குணத்தை மாற்றச் சூடாக்கிக் குளிரவைப்பது, தேவைப்பட்டால் அதற்கும் உலை வாடகை.

மறுபக்கம், ஹிப் இல்லாத வார்ப்பில் எக்ஸ்-ரே ஒரு துளையைக் காட்டினால், தோண்டி, பற்றவைத்து, மறுபடி எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். இல்லை என்றால் பாகமே குப்பைக்கு. பல நாள் உழைத்து உருவாக்கிய விலை உயர்ந்த டைட்டானிய வார்ப்பைத் தூக்கிப்போடுவதைவிட ஹிப் மலிவு. விமான டைட்டானிய வார்ப்புகளில் இது வழக்கமான படியாகவே ஆகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. இந்தப் பாகத்தில் விரிசல் எங்கே தொடங்கும்? பிரிண்டரிலிருந்து எடுத்தபடியே சொரசொரப்பாக விட்ட பாகத்தில், விரிசல் பெரும்பாலும் தோலில் இருக்கும் பள்ளத்தில்தான் பிறக்கும். உள்ளே துளையே இல்லாமல் செய்தாலும் ஆயுள் அதிகம் கூடாது. அந்தப் பணத்தை மேற்பரப்பை இயந்திரத்தில் கடைந்து மழமழப்பாக்கச் செலவிட வேண்டும். கடைந்து முடித்த பாகம் என்றால் கதை வேறு. அப்போது உள்ளே இருக்கும் துளைதான் ஆயுளைத் தீர்மானிக்கும், ஹிப்புக்குக் கொடுத்த பணம் வீண் போகாது.

இப்போது வரும் சில ஹிப் உலைகள், அழுத்தத்தை விடாமலே பாகத்தை மிக வேகமாகக் குளிரவைக்கின்றன. அந்த அடர்ந்த ஆர்கான், சாதாரணக் காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் கனமானது. அதைச் சுழலவிட்டால் வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். துளை மூடுவதும் வெப்பப் பதமும் ஒரே ஏற்றத்தில் முடிவதால், இரண்டாவது உலைக்குப் போகும் செலவும் நாட்களும் மிச்சம்.