ரோஸ்ட்: வறுத்தெடுத்தலும் அங்கதமும்

வெள்ளிக்கிழமை ஒரு புதுப்படம் திரையரங்குக்கு வந்தாலும் சரி, நள்ளிரவில் ஓர் இணையத் தொடர் ஓடிடி தளத்தில் ஏறினாலும் சரி, மறுநாள் மாலைக்குள் அதைப் பற்றிய காணொளிகள் யூடியூபில் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றுள் சில தம்மை 'விமர்சனம்' என்றும், சில 'ரிவ்யூ' என்றும் அழைத்துக்கொள்கின்றன. சிரிக்கச் சிரிக்கக் குறை சொல்பவை பெரும்பாலும் 'ரோஸ்ட்' என்ற பெயரைச் சூடிக்கொள்கின்றன. இந்த மூன்றாவது சொல் எங்கிருந்து வந்தது, நாம் அதை எந்தப் பொருளில் ஆள்கிறோம், அதற்கு ஈடான தமிழ்ச் சொல் எது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. சொல் புதியதாக இருக்கலாம், ஆனால் அது குறிக்கும் செயல் தமிழில் மிகப் பழையது.

'ரோஸ்ட்' தமிழருக்கு முதலில் அறிமுகமானது உணவகத்தில்தான். நெய் ரோஸ்ட், ரவா ரோஸ்ட் என்று பட்டியல் ஒப்பிக்காத பரிமாறுநர் இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு முறுகலான தோசை என்பது மட்டுமே பொருள். வீட்டில் நாம் 'முறுகல்' என்று கேட்பதைத்தான் கடையில் 'ரோஸ்ட்' என்று கேட்கிறோம். ஒருவரை நகைச்சுவையாகத் தாக்குதல் என்னும் பொருளோடு அதே சொல் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் இரண்டாம் முறை வந்து சேர்ந்தது. ஒரு சொல் இரண்டு வாசல் வழியாக இரண்டு பொருளோடு உள்ளே வருவது மொழிக்குப் புதிதன்று. இரண்டாவது பொருள் வரும் வழியில் எதைத் தொலைத்துவிட்டு வந்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

ஆங்கிலத்தின் 'ரோஸ்ட்', பழைய பிரெஞ்சு மொழியின் 'ரோஸ்டிர்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. அந்தப் பிரெஞ்சு வினைக்கும் முன்னால் ஒரு ஜெர்மானிய வேர் உண்டு. இறைச்சியை நேரடியாக நெருப்பிலோ அடுப்பின் உள்வெப்பத்திலோ வேகவைப்பதுதான் முதற்பொருள். ஒருவரைக் கேலி செய்து திணறடித்தல் என்னும் உருவகப் பொருள் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. அதை ஒரு நிகழ்ச்சி வடிவமாக வளர்த்தவர்கள் நியூயார்க் நகரத்தின் மேடைக் கலைஞர்கள். அங்கு 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபிரையர்ஸ் கிளப் என்னும் சங்கத்தில், ஒரு கலைஞரைப் பெருமைப்படுத்த விருந்து வைத்து, அவரை நடுவில் உட்காரவைத்து, நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவரைக் கிண்டல் செய்வது வழக்கமாயிற்று. தாங்கள் நேசிப்பவர்களை மட்டுமே ரோஸ்ட் செய்வதாக அந்தச் சங்கத்தார் சொல்லிக்கொள்வார்கள். 1974 முதல் 1984 வரை பாடகரும் நடிகருமான டீன் மார்ட்டின் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த வடிவத்தை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது.

இந்த வடிவத்துக்கு மூன்று அடிப்படைகள் இருந்தன என்பது இந்த வரலாற்றிலிருந்து விளங்கும். கேலிக்கு ஆளாகிறவர் அந்த அவையிலேயே இருக்கிறார். அவர் சம்மதித்து வந்திருக்கிறார். கேலி முடிந்ததும் மறுமொழி சொல்ல அவருக்கும் வாய்ப்பு உண்டு. இம்மூன்றும் சேர்ந்ததே ரோஸ்ட். ஆனால் நாம் ஒரு திரைப்படத்தையோ தொடரையோ 'ரோஸ்ட்' செய்கிறோம் என்று சொல்லும்போது, அங்கு ஆள் இல்லை, ஆக்கம் மட்டுமே இருக்கிறது. சம்மதம் என்ற கேள்விக்கே இடமில்லை. மறுமொழி சொல்லும் மேடையும் இல்லை. ஆகவே ஆங்கில வழக்கின்படி பார்த்தாலும், திரை விமர்சனத்துக்கு அந்தச் சொல் முழுமையாகப் பொருந்தவில்லை. ஒரு நண்பர் குழுவின் விருந்து விளையாட்டுக்கு வைத்த பெயரை, முன்பின் அறியாத ஒருவரின் உழைப்பை எடைபோடும் வேலைக்குச் சூட்டிவிட்டோம்.

சரியான தமிழ் என்ன என்ற கேள்விக்கு எனக்கு முதல் விடை தந்தவர் என் அத்தை. சாம்பார்ப் பொடிக்காக இரும்பு வாணலியில் கொத்தமல்லி விதையை வறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஒரு புதிய தொடரைப் பற்றிய 'ரோஸ்ட்' காணொளி என் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டவர், கரண்டியை நிறுத்தாமலே, "யாரப் போட்டு இந்த வறு வறுக்கறான்?" என்று கேட்டார். 'ரோஸ்ட்' என்ற சொல் அவருக்கு அந்தப் பொருளில் தெரியாது. ஆனால் அந்தச் செயலின் பெயர் தெரிந்திருந்தது. 'வறுத்தெடுத்தல்' என்பதுதான் அந்தப் பெயர். 'மேலதிகாரி வறுத்தெடுத்துவிட்டார்', 'எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அமைச்சரைக் கேள்விகளால் வறுத்தெடுத்தார்கள்' என்று நாள்தோறும் பேசுகிறோம், எழுதுகிறோம். ஆங்கிலத்தைப் பார்த்து உருவாக்கிய மொழிபெயர்ப்பாக இது யாருக்கும் தோன்றாது. அடுப்படியில் நின்றவர்கள் தாமாகவே கண்டடைந்த உவமை அது.

சமையல் நுட்பத்தை வைத்துப் பார்த்தால் 'ரோஸ்ட்' வேறு, 'வறுத்தல்' வேறு. நேரடியாகத் தீயில் இடுவதற்குத் தமிழில் 'சுடுதல்' என்று பெயர்; அனலில் காட்டி எடுப்பது 'வாட்டுதல்'; நிறைந்த எண்ணெயில் இடுவது 'பொரித்தல்'. வறுத்தல் என்பது காய்ந்த சட்டியில், கையெடுக்காமல் கிளறி, மணம் எழும் நேரம் பார்த்து இறக்குவது. மல்லியோ வெந்தயமோ எதுவானாலும், மணம் வந்த நொடிக்கும் கருகும் நொடிக்கும் இடையில் அதிக நேரம் இல்லை. கருகிவிட்டால் அந்தக் கைப்பு அரைத்த பொடி முழுவதையும் பற்றிக்கொள்ளும். நகைச்சுவையோடு குறை சொல்கிறவர் கைக்கொள்ள வேண்டிய அளவும் இதுவே என்பதால், மூல ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்லே இந்த வேலைக்குப் பொருத்தமானது என்று கருதுகிறேன்.

வறுத்தல் மட்டுமன்று, கேலியைக் குறிக்கத் தமிழர் சமையலறையிலிருந்து எடுத்த சொற்கள் பல. 'போட்டுத் தாளித்துவிட்டான்' என்கிறோம். 'காய்ச்சி எடுத்துவிட்டாள்' என்கிறோம். 'கிண்டல்' என்ற சொல்லையே கிண்டுதல் என்னும் வினையோடு சேர்த்துப் பார்க்கலாம். இளைஞர் வழக்கில் மிகுதியாகப் புழங்கும் 'கலாய்த்தல்' வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. 'கலாம்' என்பது பூசலைக் குறிக்கும் பழஞ்சொல்; கலாய்த்தலுக்கு அகராதிகள் தரும் பொருளும் பூசலிடுதல், சினத்தல் என்பதே. பழைய சினம் தணிந்து, இன்று விளையாட்டாகச் சீண்டுதல் என்ற அளவில் அது நிற்கிறது. இலங்கைத் தமிழில் வேடிக்கைப் பேச்சுக்குப் 'பகிடி' என்று பெயர். ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதிய மாணவரைத் துன்புறுத்துவதற்குப் 'பகிடிவதை' என்று பெயர். பகிடிக்கும் வதைக்கும் இடையிலுள்ள எல்லையை ஒரே சொல்லுக்குள் அடைத்துக் காட்டும் அந்தக் கூட்டுச்சொல்லை ஒவ்வொரு முறை காணும்போதும் என் மனம் கனக்கிறது.

வினைக்கு 'வறுத்தெடுத்தல்' கிடைத்துவிட்டது. ஆனால் ஓர் எழுத்து வகையின் பெயராக, ஒரு பகுதியின் தலைப்பாக அதை வைக்க இயலாது. அது பேச்சின் சூட்டோடு நிற்கும் சொல். எழுத்து வகைக்கு இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது: 'அங்கதம்'. தொல்காப்பியத்தின் செய்யுளியல், "அங்கதந் தானே அரில்தபத் தெரியின், செம்பொருள் கரந்த தெனஇரு வகைத்தே" என்று அதைக் குற்றமற ஆராய்ந்து இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம்; அதற்கு 'வசை' என்றே பெயர். பழியைச் சொல்லுக்குள் மறைத்து வைப்பது பழிகரப்பு. அதே நூலின் மெய்ப்பாட்டியலோ நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக எண்ணி, எள்ளலை முதலில் வைக்கிறது. 'ரோஸ்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் இன்று நாம் கொட்டிக் கலந்துவிட்ட இரண்டையும் தொல்காப்பியர் தனித்தனிக் கலத்தில் வைத்திருக்கிறார்.

பழிகரப்பு எப்படி இயங்கும் என்பதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு காட்டும். அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவையார் பாடுகிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன, எம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஒரு சுடுசொல்கூட இல்லை; கேட்பவனுக்கு முதலில் அது புகழ்ச்சியாகவே ஒலிக்கும். அரங்க அமைப்பும் ஒளியும் உடையும் கண்ணைப் பறிக்க, பார்ப்பவரின் நெஞ்சில் ஓரிடத்திலும் தைக்காத ஒரு தொடரைப் பற்றி எழுத நேர்பவர், 'பீலி அணிந்து மாலை சூட்டி' என்ற இந்த நான்கு சொற்களை நினைத்துக்கொண்டால் போதும். வைதுதான் தீர வேண்டும் என்ற எண்ணமே எழாது.

இன்னொரு சான்று காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்தவர் பாடியது:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பொழுது சாயும்போது அரிசி வருகிறது. அதைக் குத்தி உலையில் இடுவதற்குள் ஊர் உறங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. சோம்பேறி, கஞ்சன் என்ற வசை எதுவும் பாட்டில் இல்லை. மூன்று நேரங்களை வரிசையாக வைத்தார், அவ்வளவுதான். சத்திரத்துக்காரர் பதறி வேண்டிக்கொள்ளவே, நாட்டில் அரிசி அருகிப்போனாலும் இங்கு வரும், உலையேறினால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோறு வெள்ளிபோல் வெண்மையாக ஒளிரும் என்று அதே பாட்டுக்குக் காளமேகம் புகழ்ப்பொருள் சொன்னதாகக் கதை. எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு தொடரில், கொலை நடந்த செய்தி காவல் நிலையத்துக்கு வந்து சேரவே மூன்று பகுதிகள் ஆகின்றன என்று ஒருவர் நேரக் கணக்கோடு சொன்னால், அவர் இந்தப் பாட்டின் வழியில் நடக்கிறார். கையில் கைபேசி இருக்கிறது, காட்சியை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், எத்தனையாவது நிமிடம் என்று எழுதலாம். திரையரங்கில் ஒருமுறை பார்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு இல்லாத வசதி இது. சான்று காட்டிச் சிரிக்கவைக்க இதைவிட ஏற்ற காலம் இருந்ததில்லை.

அச்சு இதழ்களும் இந்த வழியை அறிந்திருந்தன. 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி எழுதிய கலை விமர்சனங்கள் நகைச்சுவைக்காகவே தேடிப் படிக்கப்பட்டன.

'விமர்சனம்' என்ற சொல்லையும் இங்குச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தொடுதல், தடவிப் பார்த்தல் என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து, ஆழ்ந்து எண்ணுதல் என்ற பொருளுக்கு உயர்ந்த சொல் அது. தமிழில் 'திறனாய்வு' இலக்கியக் கல்விக்கும், 'மதிப்புரை' இதழியலுக்கும் நிலைத்துவிட்டன. எனவே நகைச்சுவையோடு படைப்பின் நிறைகுறைகளை எடைபோடும் எழுத்தை 'அங்கத மதிப்புரை' என்று அழைப்பதே சரி என்பது என் முடிபு. 'நையாண்டி விமர்சனம்' என்பதும் தவறன்று. ஆயினும் நையாண்டி என்றதும் ஒலிக்கும் மேளம் காதில் விழுவதால், ஆய்வு பின்தங்கிவிடுகிறது.

சொல்லைப் பிரித்து வைப்பது அகராதிக்காரர்களின் பொழுதுபோக்கு அன்று. 2024ஆம் ஆண்டின் இறுதியில், படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்குச் சமூக ஊடகங்களில் விமர்சனம் வெளியிடத் தடை வேண்டும் என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. விமர்சிப்பது கருத்துரிமை என்ற அடிப்படையில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அது நல்ல முடிவு. ஆயினும் தயாரிப்பாளர் தரப்பின் மனக்குறையில் ஒரு நியாயம் உண்டு. படத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி, நடிகையின் உடலையும் இயக்குநரின் குடும்பத்தையும் இழுத்துப் பேசும் காணொளியும், திரைக்கதையின் ஓட்டையை நிமிடக் கணக்கோடு காட்டிச் சிரிக்கவைக்கும் காணொளியும் ஒரே 'ரோஸ்ட்' என்ற பெயரில் உலவுகின்றன. முதலாவதற்கு வசை என்று பெயர். இரண்டாவதையே இங்கு அங்கதம் என்கிறேன். பெயர் ஒன்றாக இருக்கும் வரை, முன்னதன் பழி பின்னதன் தலையிலும் விழும்.

இனி ஆளும் முறை. ஒருவரை மேடையில் உட்காரவைத்து அவர் இசைவோடு நண்பர்கள் கேலி செய்யும் நிகழ்ச்சியை மட்டும் 'ரோஸ்ட்' என்று எழுதலாம். அது ஒரு பண்பாட்டின் தனி வடிவம், பெயரை அப்படியே ஆள்வதில் பிழையில்லை. எழுத்தையோ காணொளியையோ 'அங்கத மதிப்புரை' என்க. வினை வேண்டும் இடத்தில் 'அந்தத் தொடரின் கடைசி இரண்டு பகுதிகளை வறுத்தெடுத்திருக்கிறார்' என்று எழுதுக. அவ்வாறு எழுதும்போது வறுபடுவது தொடரா, தொடரில் நடித்தவரா என்று ஒருமுறை செயப்படுபொருளைப் பார்த்துக்கொள்க. 'நடிகரை வறுத்தெடுத்தார்' என்று வாக்கியம் தானாக அமைந்துவிட்டால், அந்தக் காணொளிக்கு 'அங்கத மதிப்புரை' என்ற தலைப்பு பொருந்தாது.