பாக்காமயே பாஸ் எப்படி போகுது?

போன மாசம் வேலூர்ல ஒரு லேடீஸ் காலேஜ் பாஸ்கெட்பால் மேட்ச் பாக்கப் போயிருந்தேன். காலைல ஏழு மணிக்கே விசில் அடிச்சுட்டாங்க, எங்க ஊர் வெயிலப் பத்தி தனியா சொல்லணுமா, ஒன்பது மணிக்கு மேல சிமென்ட் கோர்ட்டு தோசைக்கல்லு ஆயிடும். ரெண்டாவது குவார்ட்டர்ல பால் வச்சிருந்த பொண்ணு வலது பக்கம் பாத்துக்கினே இடது பக்கம் கூடைக்குக் கீழ பாலை விட்டுட்டா, அங்க யாருமே இல்ல. எனக்குப் பக்கத்துல இருந்த ஒரு அம்மா "அய்ய, இன்னாடி இது ஆளே இல்லாத எடத்துக்குப் போடுறா"ன்னு வாயை மூடுறதுக்குள்ள எங்கிருந்தோ ஒருத்தி வந்தா, பால் அவ கைக்குள்ள போய் உக்காந்துச்சு, ஓடிவந்த வேகத்துலயே கூடைக்குக் கிட்டருந்து ஒரு லே-அப், ரெண்டு பாயிண்ட். பின்னாடி வரிசைல ஒரு பையன் "கெமிஸ்ட்ரி மச்சி"ன்னான்.

இந்த கெமிஸ்ட்ரிங்கிற வார்த்தையை டிவி டான்ஸ் ஷோக்காரங்க கெடுத்து வச்சிருக்காங்க. ரெண்டு பேர் நல்லா சிரிச்சா கெமிஸ்ட்ரி, கண்ணும் கண்ணும் பாத்தா கெமிஸ்ட்ரி. நான் மூணு வருஷம் காலேஜ் டீம்ல பாயிண்ட் கார்டா, அதாவது பாஸ் பிரிச்சுக் கொடுத்து ஆட்டத்தை நடத்துற ஆளா ஆடினவ, அந்த பாஸ்ல நான் பாத்தது வேற, அது சுத்தமா ஒரு கணக்கு.

ரெண்டு பேருக்கும் நடுவுல 5 மீட்டர்னு வைங்க. நல்லா தள்ளின பாஸ் செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போனாலும் போய்ச் சேர அரை செகண்ட் ஆகும். வெட்டி ஓடுறவ, அதாவது பாஸ் வாங்க சட்டுனு திசை மாத்தி ஓடுறவ, செகண்டுக்கு 5 மீட்டர் ஓடுறான்னா அந்த அரை செகண்ட்ல ரெண்டரை மீட்டர் தாண்டிட்டா. இதுக்கு முன்னாடியே இன்னொரு லேட் இருக்கு, கண்ணு பாத்ததை மூளை வாங்கி கைக்கு ஆர்டர் போடவே 0.2 செகண்ட் ஓடிடும், அதுல அவ இன்னும் ஒரு மீட்டர் போயிட்டா. ஆக அவளைப் பாத்து அவ நிக்கிற இடத்துக்கே போட்டீங்கன்னா பால் அவ முதுகுக்குப் பின்னாடி மூன்றரை மீட்டர்ல போகும். கண்ணால பாத்து பாஸ் போடவே முடியாதுங்கிறதுதான் விஷயம், அவ எங்க வரப்போறான்னு முன்னாடியே கணிச்சுத்தான் போட முடியும்.

நம்ம மூளைக்கு இந்த வேலை புதுசில்ல. உங்களை நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்க, வராது. உங்க விரல் எங்க படப்போகுதுன்னு சிறுமூளை முன்னாடியே கணிச்சு வச்சிடுது, தெரிஞ்ச விஷயத்துக்கு உடம்பு கூச்சப்படாது. சொந்தக் கைகாலுக்குப் போடுற இந்தக் கணக்கை அடுத்தவங்க உடம்புக்கும் போட முடியுமான்னா, முடியும், ஆனா ஒரு கண்டிஷன். 2008-ல ரோம்ல அக்லியோட்டின்னு ஒரு விஞ்ஞானியோட குழு ஒரு சோதனை பண்ணாங்க. ஒருத்தர் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காம நின்னு போடுற ஷாட், போடுற வீடியோவை நடுநடுவுல நிறுத்தி, இது உள்ள போகுமா போகாதான்னு கேட்டாங்க. ஒரு குரூப் ஆடுறவங்க, ஒரு குரூப் கோச்சும் ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டரும், ஒரு குரூப் ஒண்ணுமே தெரியாதவங்க. ஆடுறவங்க பால் கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, முட்டியும் மணிக்கட்டும் போற விதத்தைப் பாத்தே. வருஷக்கணக்கா மேட்ச் பாத்துப் பழுத்தவங்களுக்கு பால் பறக்கிறதைப் பாத்தாத்தான் தெரிஞ்சுது. அதைவிட வேடிக்கை, தப்பா போற ஷாட்டைப் பாக்கும்போது ஆடுறவங்களோட சொந்த சுண்டுவிரல் தசைக்குப் போற சிக்னல் கூடுச்சாம். பாத்துக்கினு உக்காந்திருக்காங்க, ஆனா கை உள்ளுக்குள்ள ஆடிக்கிட்டு இருக்கு.

சரி, இதுல ப்ளேயரை டெவலப் பண்றது எங்க வருதுன்னு கேட்டா, அங்கதான் எல்லாமே இருக்கு. எங்க டீம்ல குடியாத்தத்துக்காரி ஒருத்தி இருந்தா, கோர்ட்டுல அவ பேரே 'குடியாத்தம்'தான், ஊரை வச்சு கூப்பிடுறது எங்க டீம் பழக்கம். ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனா அவ பாட்டி திண்ணைல முறத்தை மடியில வச்சுக்கினு பீடி சுத்திட்டு இருந்தாங்க. இலைல தூள் தூவுறது, உருட்டுறது, நுனிய மடக்குறது, நூல் கட்டுறது, எதையும் குனிஞ்சு பாக்கல. எங்க கூட பேசுறாங்க, தெருவுல போற ஆட்டை விரட்டுறாங்க, எதிர்வீட்டு மருமகளைப் பத்தி எனக்குத் தேவையே இல்லாத ஒரு கதையச் சொல்றாங்க, முறத்துல பீடி ஏறிக்கிட்டே இருக்கு. நான் ஒண்ணு சுத்திப் பாத்தேன், அஞ்சு நிமிஷம் ஆச்சு, அந்த அஞ்சு நிமிஷம் பாட்டி சொன்னது ஒரு வார்த்தை காதுல விழல.

பாலைத் தரைல தட்டிக்கிட்டே போற டிரிபிளிங்கும் அப்படித்தான். ஃபர்ஸ்ட் இயர்ல புதுசா வர்ற பொண்ணு பாலைப் பாத்துக்கினே தட்டுவா, அவ மூளையோட மொத்த கவனமும் பால் மேல போயிடுச்சு, டீம்ல மத்த நாலு பேர் ஓடுறது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவகிட்ட போய் டீம் ஸ்பிரிட் இல்லன்னு திட்டுறது அநியாயம். பழகப் பழக அந்த வேலை கவனம் கேக்காத பக்கத்துக்குப் போயிடும், கை தானா ஓடும், அப்பதான் கண்ணு ஃப்ரீ ஆகும், அப்பதான் அடுத்தவ தோள் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்க முடியும். தனி ஆளோட கைப்பழக்கம் ஒரு சப்ஜெக்ட், டீம் கெமிஸ்ட்ரி வேற சப்ஜெக்ட்னு நிறைய பேர் பிரிச்சு வச்சிருக்காங்க, என்னைக் கேட்டா முதல்ல இருக்கிறது முடிஞ்சாத்தான் ரெண்டாவது ஆரம்பிக்கவே செய்யும்.

எனக்கும் குடியாத்தத்துக்கும் ஃபர்ஸ்ட் இயர் முழுக்க ஒரு பாஸ் ஒழுங்கா போகல. ஹாஸ்டல் கூட்டம் தனி, டே ஸ்காலர் கூட்டம் தனின்னு மத்தவங்க பேசினாங்க, எங்களுக்குள்ள சண்டைன்னு கூட சொன்னாங்க. சண்டை எல்லாம் இல்ல, அவ சாயங்காலம் காட்பாடிக்கு ஓடி ட்ரெயின் பிடிக்கணும், ஈவினிங் பிராக்டிஸ்ல பாதி நாள் இருக்க மாட்டா, அவ எப்ப வெட்டுவான்னு என் மூளைகிட்ட டேட்டாவே கிடையாது. பி.டி. மேடம்தான் கண்டுபிடிச்சாங்க. அட்வைஸ் ஒண்ணும் பண்ணல, லஞ்ச் பிரேக்ல பதினஞ்சு நிமிஷம், வேப்பமர நிழல் விழுற அந்த ஒரு மூலைல, நீங்க ரெண்டு பேர் மட்டும்னாங்க. அவ வெட்டணும் நான் போடணும், தினமும். முதல் வாரம் பால் அவ முதுகுப் பக்கமாவே போச்சு, காம்பவுண்டு வரைக்கும் அவளே ஓடி எடுத்துட்டு வந்து என்னை முறைப்பா. ஒரு ரெண்டு மாசத்துல நான் ஒண்ணு கவனிச்சேன், வெட்டறதுக்கு முன்னாடி அவ இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்குவா. அவகிட்ட சொன்னா "நான் எங்கடி தூக்குறேன்"ங்கிறா. அவளுக்கே தெரியாத விஷயம் எனக்குத் தெரிஞ்சிருக்கு.

பிராக்டிஸ் எப்படி பண்றோம்ங்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே இடத்துல நின்னு ஒரே ஷாட்டை அம்பது தடவை போட்டா அன்னைக்கு சூப்பரா விழும், மனசுக்கும் குளுகுளுன்னு இருக்கும். 1986-ல அமெரிக்கால காலேஜ் பொண்ணுங்களை வச்சு பேட்மின்டன்ல ஒரு சோதனை பண்ணாங்க, மூணு வகை சர்வீஸ், ஒரு கூட்டம் ஒண்ணொண்ணா தனித்தனியா முடிச்சாங்க, இன்னொரு கூட்டம் மாத்தி மாத்தி கலந்து போட்டாங்க. அப்புறம் டெஸ்ட் வச்சப்ப கலந்து போட்டவங்கதான் நல்லா பண்ணாங்க. ஒவ்வொரு தடவையும் மூளை முதல்ல இருந்து யோசிச்சு பிளான் போட வேண்டியிருக்கு, அந்தக் கஷ்டம்தான் பதிய வைக்குது. ஆனா கலந்து பண்ணும்போது தப்பு நிறைய விழும், பாக்கிறதுக்கு பிராக்டிஸ் கேவலமா இருக்கும், பிரின்சிபால் வந்து எட்டிப் பாத்தா பொண்ணுங்களுக்கு ஒண்ணுமே வரலன்னு நினைச்சுட்டுப் போவாரு. அதனாலயே பல இடத்துல வரிசைல நின்னு லே-அப் போடுறதே பிராக்டிஸ்னு ஓடிட்டு இருக்கு.

இந்த ஆட்டத்துல பொண்ணுங்களுக்கு பாஸ்தான் ஆரம்பத்துல இருந்தே கதி. நைஸ்மித் 1891-ல இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சாரு, அடுத்த வருஷமே ஸ்மித் காலேஜ்ல சென்டா பெரன்சன்னு ஒரு டீச்சர் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, ஆனா பொண்ணுங்க ரொம்ப ஓடினா உடம்புக்கு ஆகாதுன்னு அந்தக் காலத்து நினைப்பு, அதனால கோர்ட்டை மூணா பிரிச்சு கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு ரூல். தாண்டக் கூடாதுன்னா வேற என்ன பண்றது, பாஸ்தான்.

சரி, ஃப்ரெண்ட்ஷிப்புக்கு இதுல வேலையே இல்லையான்னா, இருக்கு. கேரன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் 2002-ல 46 ஆய்வுகளை ஒண்ணா அலசினாங்க. டீம் ஒட்டுறவா இருக்கிறதுக்கும் நல்லா ஆடுறதுக்கும் சம்பந்தம் இருக்கு, பொண்ணுங்க டீம்ல அந்த சம்பந்தம் இன்னும் ஜாஸ்தின்னு வந்துச்சு. ஆனா எது முதல்லன்னு பிரிக்கிறது கஷ்டம், ஜெயிச்சா தானாவே எல்லாரும் ஒட்டிக்குவாங்களே, தோத்துட்டு வர்ற பஸ்ல பாத்திருக்கேன், ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்தா கூட ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க மாட்டாங்க. ஆராய்ச்சிக்காரங்க ஒட்டுறவையே ரெண்டா பிரிக்கிறாங்க, ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கிறது ஒண்ணு, ஒரே வேலைல ஒத்துப்போறது இன்னொண்ணு. என் அனுபவத்துல ரெண்டாவது இல்லாம முதல்லது மட்டும் இருந்தா ஆபத்து, ரூம்மேட்டுக்கு மட்டுமே பாஸ் போடுவாங்க, ஃப்ரீயா நிக்கிறவ கத்திக்கிட்டே இருப்பா.

உடம்பு விஷயத்தையும் சொல்லிடறேன், இதை நம்ம பக்கம் யாரும் பேச மாட்டேங்கிறாங்க. 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15-லருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது கோர்ட்டுல நிக்கிற அஞ்சு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு இருக்க வாய்ப்பு இருக்கு. ரத்தத்துல ஹீமோகுளோபின் கம்மின்னா தசைக்கு ஆக்சிஜன் கம்மியா போகும், மூணாவது குவார்ட்டர்ல மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா முதல்ல நிக்கிறது பேச்சு, அடுத்தது சுத்திப் பாக்குறது. கோச் அதை சோம்பேறித்தனம்னு எழுதி வச்சிடுவாங்க. காலைல டீயும் பன்னும் சாப்பிட்டு வர்ற பொண்ணை ரவுண்டு ஓட விடுறதுக்கு முன்னாடி ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தா தேவலை. அப்புறம் முட்டி. ஒரே ஆட்டம் ஆடினாலும் முட்டிக்குள்ள இருக்கிற ஏ.சி.எல். ஜவ்வு கிழியற வாய்ப்பு பையனுங்களை விட பொண்ணுங்களுக்கு ரெண்டுல இருந்து எட்டு மடங்கு வரை அதிகம்னு ஆய்வுகள் சொல்லுது, குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கமா சாயுறது அதுக்கு ஒரு முக்கிய காரணம். இறங்குறதை ஒழுங்கா சொல்லிக் கொடுத்து வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை அதுக்கான வார்ம்-அப் பண்ணா பாதிக்குப் பாதி தடுக்கலாம். ஆபரேஷன் ஆச்சுன்னா திரும்பி வர ஒன்பது மாசம், மூணு வருஷ டிகிரில ஒன்பது மாசம்னா பாத்துக்கோங்க. அவ குதிகாலைப் படிச்சு வச்சிருந்தவளுக்கும் அது நஷ்டம்.

காலேஜ் டீமோட பெரிய தலைவலியே அதான், வருஷா வருஷம் கலைஞ்சு போகும். அமெரிக்கால சவுத் கரோலினா யூனிவர்சிட்டி பெண்கள் டீம் 2023-ல தேசிய காலேஜ் போட்டி செமிஃபைனல்ல தோத்துது, அந்த வருஷத்தோட அவங்களோட முதல் அஞ்சு ஆளும் போயாச்சு. அடுத்த வருஷம் புது அஞ்சு பேரோட இறங்கி 38 மேட்ச், 38-ம் ஜெயம். மந்திரம் ஒண்ணும் கிடையாது, டான் ஸ்டேலின்னு அவங்க கோச் பெஞ்சுல இருக்கிறவங்களையும் ஆட விட்டே வளக்கிறவங்க, அந்தப் புது ஆளுங்கள்ல பல பேர் முந்தின வருஷமே பெஞ்சுல இருந்து வந்து நல்லா ஆடிப் பழகியாச்சு. 2024 ஃபைனல்ல அயோவாவை 87-75-னு ஜெயிச்சப்ப பெஞ்சுல இருந்து வந்தவங்க மட்டும் 37 பாயிண்ட், எதிர் டீம் பெஞ்சு ஜீரோ.

நாங்க என்ன பண்ணோம் தெரியுமா, ஜூனியர்ஸை பால் பொறுக்கவும் தண்ணி கேன் தூக்கவும் வச்சிருந்தோம். நாங்க பாஸ் அவுட் ஆன அடுத்த வருஷம் எங்க காலேஜ் முதல் ரவுண்டுலயே காலி.

இப்ப எங்க காலேஜ்ல ஃபைனல் இயரையும் ஃபர்ஸ்ட் இயரையும் கலந்துதான் டீம் பிரிக்கிறாங்க, இன்னொரு புது ரூலும் போட்டிருக்காங்க, கோட்டுக்குள்ள 'அக்கா' கிடையாது. "ஆரணி அக்கா, லெஃப்ட்ல வர்றாங்கக்கா"ன்னு மரியாதையா சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிராளி கூடைக்குக் கீழ போயிடுவா, அதனால 'ஆரணி, லெஃப்ட்' அவ்வளவுதான், கோட்டுக்கு வெளிய வந்தா தாராளமா அக்கா போட்டுக்கலாம். அன்னைக்கு வேலூர்ல நான் பாத்த மேட்ச்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு அடக்கி அடக்கிப் பாத்தா. கடைசி நிமிஷம், எதிராளி இடது பக்கம் புகுந்துட்டா, இவ தொண்டை கிழிய "ஆரணி லெஃப்ட்டு"ன்னு கத்திட்டு, ஒரு செகண்ட் கழிச்சு மெதுவா "...க்கா"ன்னா.