புதுப்பிப்பு வந்திருப்பதைக் கணினி எப்படிச் சொல்ல வேண்டும்?

2009 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 9.04 என்ற லினக்ஸ் வகை இயங்குதளம், ஒரு சின்ன மாற்றத்தால் பயனர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதுவரை புதுப்பிப்பு வந்தால் திரையின் மேல்மூலையில் ஒரு ஐகான் தோன்றும். அதைப் பலர் கண்டுகொள்வதில்லை என்று, புதுப்பிப்பு ஜன்னலே மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் தானாகத் திறக்கும்படி மாற்றினார்கள்.

நோக்கம் சரி, வழி சரியில்லை. அழைக்காமல் வந்து நிற்பது போலி வைரஸ் எச்சரிக்கைகளின் பாணி. தானாகத் திறந்த ஜன்னலில் கடவுச்சொல் கொடுக்கப் பழகியவர், மோசடி ஜன்னலிலும் யோசிக்காமல் கொடுத்துவிடுவார்.

பதிவிறக்குவதற்கும் டிஜிட்டல் கையொப்பத்தை (அது அசல்தான் என்பதற்கான முத்திரை) சரிபார்ப்பதற்கும் பயனரைத் தொந்தரவு செய்யவே தேவையில்லை. பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போதுதான் சிக்கல். விண்டோஸில், பயன்பாட்டில் இருக்கும் கோப்பு பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். அதனால் புதிய கோப்பை ஓரமாக வைத்து, மாற்ற வேண்டியதை ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு, கணினி மறுபடி தொடங்கும்போது மாற்றுகிறது. லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. அதே பெயரைப் புதிய உள்ளடக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். வசதிதான், ஆனால் ஆபத்தும் இங்கேதான். வட்டில் உள்ள கோப்பில் பாதுகாப்பு ஓட்டை அடைபட்டிருக்கும். நினைவகத்தில் ஓடும் பழைய நிரலில் அது திறந்தே கிடக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் போன்றவை மாறினால் உபுண்டு ‘ரீபூட்-ரெக்வயர்ட்’ (மறுதொடக்கம் தேவை) என்றொரு கோப்பை உருவாக்கி வைப்பது இதற்காகத்தான்.

ஆக, பயனரிடம் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி ஒன்றே: எப்போது மறுதொடக்கம் செய்யலாம்? விண்டோஸ் எக்ஸ்பி அதையே பெட்டி போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை வாங்கியது. விண்டோஸ் 10, 2016இல், வேலை நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்க வழி செய்தது. அந்த நேரத்தில் தானாக மறுதொடக்கம் ஆகாது. குரோம் உலாவியின் பழைய முறை இன்னும் நாகரிகம்: மூலையிலுள்ள குறி, புதுப்பிப்பு வந்து 2 நாளில் பச்சை, 4 நாளில் ஆரஞ்சு, 7 நாளில் சிவப்பு.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நிதானம் ஆகாது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸிலிருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் அதே ஓட்டை வழியாக, திருத்தம் நிறுவப்படாத கணினிகளுக்குள் புகுந்தது. பிரிட்டன் மருத்துவமனைகளும் தப்பவில்லை. இப்படிப்பட்ட திருத்தத்துக்குக் கணினி குரலை உயர்த்தலாம். எழுத்துருத் திருத்தத்துக்கும் அதே குரலில் கத்துவதால்தான் ‘பிறகு’ பொத்தானுக்கு விரல் தானாகப் போகிறது.