கிளாசிக் வண்டி வாங்கியாச்சா? சைலன்சருக்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள்

ஷோரூமிலிருந்து புது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் எடுத்தவரும் சரி, யாரிடமிருந்தோ பழைய புல்லட்டைக் கைமாற்றி வாங்கியவரும் சரி, எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் கேட்பது ஒன்றேதான்: "அண்ணே, சவுண்டு கொஞ்சம் ஏத்தணும்." பிரேக்கைப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வருபவர் அபூர்வம். அதே வண்டி சில மாதம் கழித்துத் திரும்பி வரும். இன்ஜினில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வளைந்த கிளட்ச் லிவர், நசுங்கிய டேங்க், உடைந்த இண்டிகேட்டர், கருகிப்போன வயரிங் என்று வேறு எல்லாம் இருக்கும். சில நேரம் ஓட்டி வந்தவரின் கணுக்காலிலும் கட்டு இருக்கும்.

முதல் மாதத்துக் காசையும் கவனத்தையும் எங்கே போட வேண்டும் என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். காதுக்குக் கிடைப்பதில் பாதிகூட கைக்கும் காலுக்கும் கிடைப்பதில்லை.

எந்த வண்டிகளைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்து வந்த வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் ஒரு வகை. 2009-ல் வந்த கிளாசிக்கும், 2021-ல் புது இன்ஜினோடு வந்த கிளாசிக் 350-ம் இன்னொரு வகை. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஓட்டுவதற்கு இரண்டும் வேறு வேறு வண்டிகள். ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பாதி பொருந்தும். அவற்றின் பழைய வண்டிகளில் உள்ள டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சமாச்சாரம் தனிக்கதை, அதை இங்கே தொடவில்லை.

முதலில் எடை. இப்போதைய கிளாசிக் 350, பெட்ரோல் ஆயிலோடு 195 கிலோ. இதற்கு முன் நீங்கள் ஓட்டியது ஸ்பிளெண்டர் மாதிரி வண்டி என்றால் அது 112 கிலோ. இடையில் இருக்கும் 83 கிலோ, வண்டி ஓடும்போது தெரியாது. நிற்கும்போதும் உருட்டும்போதும்தான் தெரியும். அதனால்தான் புது ஓனர்களின் வண்டிகள் ஹைவேயில் விழுவதைவிட வீட்டு வாசலிலும் கல்யாண மண்டபப் பார்க்கிங்கிலும் அதிகம் விழுகின்றன. சரிவான இடத்தில் முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டு, அப்புறம் பின்னால் இழுக்க முடியாமல் நாலு பேரைக் கூப்பிடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். வெளியே எடுக்கும்போது அப்படியே ஓட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரி நிறுத்துங்கள். சரிவில் சைடு ஸ்டாண்ட் போட்டால் முதல் கியரில் விட்டுவிட்டு இறங்குங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் மண் புதையுமா என்று ஒரு பார்வை பாருங்கள்.

மெதுவாகத் திரும்பும்போது விழுவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பியிருக்கும் நேரத்தில் முன் பிரேக்கைப் பிடிப்பது. அந்த இடத்தில் பின் பிரேக்கை லேசாக மிதித்து, ஹாஃப் கிளட்ச்சில் உருட்ட வேண்டும். அப்படியும் சாய்ந்துவிட்டால், ஓரளவுக்கு மேல் போன வண்டியைக் காலால் தாங்க நினைக்காதீர்கள். விட்டுவிடுங்கள். லிவர் விலை சில நூறு ரூபாய். நசுங்கிய கணுக்காலுக்கு ஆகும் செலவை நான் சொல்லத் தேவையில்லை.

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சாவியை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய்ச் சாயும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் அண்டக் கொடுத்து உட்காருகிற மாதிரி குனியுங்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை பின் கைப்பிடிக் கம்பியில். அப்புறம் கால்பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி எழும். குனிந்து கைபலத்தில் இழுக்கிறவருக்கு இடுப்புப் பிடிப்பு நிச்சயம்.

அடுத்தது பிரேக். பழைய புல்லட் வாங்குகிறவர்கள் இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தக் காலப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இது தெரிந்த விஷயம்தானே என்பீர்கள். சாதாரண நேரத்தில் தெரிந்த விஷயம்தான். திடீரென்று ஒரு மாடோ ஆட்டோவோ குறுக்கே வரும்போது உங்கள் வலது கால் யோசிக்காது, இத்தனை வருஷப் பழக்கத்தில் கீழே மிதிக்கும். இந்த வண்டியில் அது பிரேக் இல்லை, அடுத்த கியர். ஏற்கெனவே டாப் கியரில் இருந்தால் ஒன்றுமே நடக்காது. பக்கத்திலேயே இருக்கும் நியூட்ரல் ஃபைண்டர் என்ற சின்ன லிவரில் கால் பட்டால் வண்டி நியூட்ரலுக்குப் போய், இன்ஜின் இழுத்துப் பிடிப்பதும் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் வண்டி நிற்காது. ஓட்டியவர் வந்து "பிரேக் ஃபெயிலியர்" என்பார். நாங்கள் பார்த்தால் பிரேக் நன்றாகவே இருக்கும்.

காலி மைதானத்தில் காலையில் போய், திரும்பத் திரும்ப நிறுத்திப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. வலது கால் தப்பாகப் போகாமல் ஆகும்வரை பஸ் ஓடும் ரோட்டுக்கு வர வேண்டாம். இன்னொன்று: வீட்டில் ஒரு சாதா வண்டி, ஒரு பழைய புல்லட் என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். கிளம்பும் முன் சாவி போட்டதும் இரண்டு காலாலும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம், ஆனால் உதவும். வண்டியை நண்பருக்கு இரவல் கொடுப்பது பற்றி என் கருத்து: கொடுக்காதீர்கள்.

புது கிளாசிக்கில் சிக்கல் வேறு. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) கட்டாயம் என்பது 2019 ஏப்ரலில் முழுமையாக வந்தது. அதற்கு முந்தைய கிளாசிக்கை செகண்ட் ஹேண்டில் எடுத்தால் பெரும்பாலும் ஏபிஎஸ் இருக்காது. அந்த வண்டிகள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இங்கே நிறையப் பேர் முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள், பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்று யாரோ சின்ன வயதில் சொல்லியிருப்பார்கள். பிரேக் பிடித்ததும் எடையெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது, அதனால் நிறுத்தும் பலமும் அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் இந்த எடைக்கு வண்டி வழுக்கிக்கொண்டே போகும். நேராகப் போகும்போது, முன் லிவரைச் சட்டென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் சுமார் நாலு மடங்காகும். 80-ல் போய்க்கொண்டு 40-ல் பழகிய இடைவெளியை வைத்தால் போதாது.

கிக்கர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டும். செருப்போடு உதைக்காதீர்கள். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் இறுகி நிற்கும். சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை தள்ளுங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் கடைசிவரை ஒரே உதை. பாதியில் காலைத் தளர்த்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும். சரியாக உதைத்தும் அடிக்கடி திருப்பி அடித்தால் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், முன்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். அதை உடனே சரிபார்க்கச் சொல்லுங்கள். "புல்லட்டுன்னா அப்படித்தான்" என்று சொல்கிற மெக்கானிக்கை மாற்றிவிடுங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயம். வண்டி எடுத்த வாரமே வந்து, "லுக்கு கெடுக்குது, கழட்டிடுங்க" என்று சேலை கார்டைக் காட்டுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் ஆள் உட்காருவதற்கு வசதி உள்ள வண்டியில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பக்கமாக உட்காரும் அம்மாவின் முந்தானையோ, தங்கையின் துப்பட்டாவோ ஸ்போக்கில் சுற்றினால் இழுத்துத் தள்ள ஒரு நொடி போதும். ஸ்போக் வீல் என்பதே இந்த வண்டிகளின் அழகு. துணி சுற்றுவதற்கும் அதுதான் வசதி. நான் கழற்றித் தருவதில்லை. வேறு கடையில் கழற்றிக்கொள்கிறவர்களை என்னால் தடுக்க முடியாது. அவர்கள் வீட்டில் பின்சீட்டில் உட்காருகிறவர்களாவது இதைப் படிக்க வேண்டும்.

சவுண்டு கதைக்கு வருவோம். கம்பெனி சைலன்சரை எடுத்துவிட்டு வேறு மாட்டினால், ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் டப் டப் என்று வெடிக்கும். அதைப் பலர் கெத்து என்று நினைக்கிறார்கள். பெட்ரோல்-காற்றுக் கலவையும் சைலன்சரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று இன்ஜின் சொல்வது அது. புது வண்டிகளில் சைலன்சர் பாதையிலேயே மாசு குறைக்கும் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருப்பதால் கோளாறு இன்னும் கூடும். இரைச்சல், புகை விதிகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடை என்று 2019 திருத்தம் சொல்கிறது.

சைலன்சரைவிட நான் பயப்படுவது வயரிங்கை. கூடுதல் விளக்கு, டபுள் ஹாரன் எல்லாம் ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் இருக்கிற வயரிலேயே ஒட்டுப்போடுவார்கள். ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்புக்குப் பதில் 100/90 போடுவார்கள். ஹோல்டர் முதலில் இளகும், அப்புறம் வயர் உறை. கருகும் வாசனை வரும்போது பெட்ரோல் டேங்க் அதற்கு நேர் மேலே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

புது வண்டியை முதல் 500 கிலோமீட்டரில் முறுக்காதீர்கள், சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள், முதல் சர்வீஸில் ஸ்போக் இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்போக் வீலில் ட்யூப் டயர் என்பதால் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கும். நெடுந்தூரம் போகும் முன் டயரைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் நல்லது.

பழைய வண்டி எடுப்பவர்களுக்குக் காகிதம்தான் பெரிய பொறி. ஸ்டீரிங் தலையில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயின்ட் கனமாக அப்பியிருந்தால் சுரண்டிப் பாருங்கள், சுரண்ட விடாத ஆளிடம் வாங்காதீர்கள். "ராணுவ ஏலத்துல எடுத்தது" என்றால் ஏலக் காகிதத்தைக் கேளுங்கள். பதிவாகி 15 வருஷம் தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, எந்தத் தேதிவரை என்று பாருங்கள். கடன் பதிவாகியிருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ஃபாரம் 35-ம் பேங்க் கடிதமும் கையில் வந்தபிறகே முழுப் பணம்.

பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் எதிராளிக்கான காப்பீடு வண்டியோடு வந்துவிடும், உங்கள் வண்டிச் சேதத்துக்கானது அப்படி வராது. விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெறும் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கடைசியாகப் பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் வண்டிகளின் பழைய ரப்பர் டியூபும் வாஷரும் அதற்காகச் செய்தவை அல்ல. வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் குறைந்தால் ஈரம் சேர்வதும் துருவும் குறையும். பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு வரும் வண்டிகளில் பாதி, இதைச் செய்யாததால் வருபவைதான்.